பாலாற்றங்கரையில் மூட்டிய அடுப்பு

சீதாலக்ஷ்மிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளை அறிந்த யாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சாப்பிடும்போதுகூட இரண்டு கவளத்துக்கு ஒரு தரம் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். கணவர் ஜகதீசன் ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கிளார்க். ஃபைலைத் திறந்தால் மூடும்வரை அசையாத மனிதர். "இந்த ரெண்டு பேருக்கும் ஜாதகம் பாத்தவர் யாரோ, அவர் கண்ணுல சதை வளந்திருக்கணும்" என்று எதிர்வீட்டுக் கனகலக்ஷ்மி சிரிப்பாள்.

ஒரே பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போனபிறகு வீடு அவளுக்குப் பொட்டிபோல ஆயிற்று. அப்போதுதான் வண்டி ஏற்பாடு செய்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆரம்பித்தாள். தேவராஜ மொஹல்லாவில் லிங்கப்பன் என்ற டிரைவரின் பஸ்ஸை வாடகைக்குப் பேசுவாள். ரங்கனதிட்டு, தலக்காடு, கோபாலசுவாமி பெட்டா என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பயணம். குவார்ட்டர்ஸில் அதற்கு 'சீதா மாமி பஸ்' என்று பேர் விழுந்துவிட்டது.

அந்த பஸ்ஸின் பெருமை சாப்பாடுதான். மற்றவர்கள் கட்டுச்சாதம் கொண்டுபோவார்கள். சீதாலக்ஷ்மி உருளி, ஈயச்சொம்பு, மளிகைச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைப்பாள். "சுடச்சுட ரசம் இல்லாம காட்டுக்கு எதுக்குப் போகணும்?" என்பாள். அந்த ரசத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. சாப்பிட்டு முடித்தபின் தையல் இலைகளும் காகிதங்களும் பழத்தோலும் மரத்தடியிலேயே கிடக்கும். அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. காடுதானே, தின்றுவிடும் என்று நினைப்பு.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பேர் மாறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தைந்து மார்ச் மாதம். மாதேஸ்வரன் மலைக்குப் போய் ஓர் இரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மலையின் மறுபக்கம் பாலாற்றங்கரைக்கு இறங்குவது என்று திட்டம். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் புல் இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. மூங்கில் காற்றில் உரசும்போது காய்ந்த சத்தம் வந்தது.

பாலாறு செக்போஸ்ட்டில் சித்தையன் என்ற காட்டுக் காவலர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். ஒல்லியான, காக்கிச் சட்டையில் பாதி பட்டன் இல்லாத மனிதர். கன்னடத்துக்காரர், எல்லையோரத்தில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் பழகியிருந்தது. பஸ்ஸின் கூரைமேல் இருந்த பாத்திரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, பேசிகெ, வெயில் காலம். காடு காஞ்சு கெடக்குது. அடுப்பு மட்டும் பேடா, வேண்டாம்."

"மணல்லதான் வெக்கப்போறோம். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கோ" என்றாள் சீதாலக்ஷ்மி. அவர் தனி ஆள். பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். ஒதுங்கி வழிவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் அங்கங்கே குட்டையாக நின்றது. மணலில் வெயில் கொதித்ததால், கரையில் ஒரு மருதமரத்து நிழலுக்கு அடுப்பு போனது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். இலைகள் அடுப்புக்குப் பக்கத்திலேயே குவிந்தன. நாலு மணிக்கு லிங்கப்பன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டும் என்று அவனுக்குப் பறப்பு. "அடுப்புக்குத் தண்ணி ஊத்தியாச்சோ?" என்று சீதாலக்ஷ்மி கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

பஸ் திரும்பியபோது மருதமரத்தடியில் நூல்போல ஒரு புகை எழுந்ததை அவள் பார்த்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன் சீட்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நனைந்த சாம்பல் கொஞ்ச நேரம் புகையத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் ஜகதீசன் கன்னடப் பேப்பரிலிருந்து ஒரு சின்னச் செய்தியை உரக்கப் படித்தார். பாலாறு அருகே காட்டுத்தீ. மூன்று நாள் எரிந்து அடங்கியது. தீ வைத்ததாக மார்டள்ளியைச் சேர்ந்த மாடு மேய்க்கும் காளியப்பன் கைது. படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

சீதாலக்ஷ்மியின் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

"ஏன்னா, அது நாம சமைச்ச எடம்."

"ஆத்தங்கரை எவ்வளவு நீளம். அதே எடம்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பயணத்துக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். "அடுப்புக்குத் தண்ணி நீ ஊத்தினியா?" இது ஒன்றுதான் கேள்வி. நான் இல்லை மாமி, அவர் என்றார்கள். அவரைக் கேட்டால், நான் மணலைத்தான் தள்ளினேன், தண்ணீர் பையன்கள் ஊற்றினார்கள் என்றார். பையன்கள் பெண்களைக் கைகாட்டினார்கள். கடைசியில் கனகலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அந்தக் குடத்துத் தண்ணில நான்தான் கொழந்தேளுக்குக் கை அலம்பி விட்டேன் சீதா. அடுப்புக்குன்னு வெச்சிருந்ததுன்னு எனக்குத் தெரியாது. மிச்சம் ஒரு டம்ளர்கூட இருந்திருக்காது."

அதற்குப் பிறகு சீதாலக்ஷ்மி தறிகெட்ட ராட்டினமாகச் சுற்றினாள். ஒரே நாளில் மூன்று தரம் மார்க்கெட்டுக்குப் போனாள். வாங்கின கொத்தமல்லியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். முகம் தெரியாத அந்தக் காளியப்பன் எங்கே படுத்திருப்பான், என்ன தின்றிருப்பான் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மாடுகளை யார் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்?

ஜகதீசன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இதோ பாரு. எனக்கு சர்க்கார் உத்யோகம். உன் பேர் கோர்ட்டுக்குப் போனா என் பேரும் கூடவே போகும். அவன் பண்ணலேன்னா கோர்ட்டே விட்டுடும்."

"விடலேன்னா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் தனியாகக் கொள்ளேகால் பஸ் ஏறினாள். கொள்ளேகாலில் மாறி மலைக்கு, மலையிலிருந்து ஒரு லாரிக்காரரைக் கெஞ்சிப் பாலாற்றுக்கு. வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கடைசி வளைவு திரும்பியதும் காடு கறுப்பாக வந்தது. சாலைக்கு ஒரு பக்கம் புல் மஞ்சளாகவே நின்றது. மறுபக்கம் ஒன்றும் இல்லை.

சித்தையனுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. அவர் புருவம் பொசுங்கியிருந்தது. வலது கையில் துணிக்கட்டு. திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். அவர் திட்டவில்லை. "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

மருதமரத்தடியில் மூன்று கல்லும் அப்படியே இருந்தன. "நோடி" என்று சித்தையன் கையால் காட்டினார். கல்லுக்குப் பக்கத்தில் கருகல் ஒரு முழ அகலம். அங்கிருந்து காற்றடித்த திசையில் அது விசிறிபோல விரிந்துகொண்டே போய், எதிர்மேடு முழுக்க ஏறியிருந்தது. "இதுதான் பொறப்பட்ட எடம். எலைக்குவியல்ல பத்தியிருக்குது. எலை பறந்து புல்லுல விழுந்துச்சு. படிக்காத எனக்கே தெரியுது."

"அப்போ காளியப்பனை ஏன் பிடிச்சா?"

"தீ வந்தா ஆபீஸுக்கு ஒரு ஆளு வேணும் அம்மா. அவன் மாட்டைத் தேடிக்கிட்டு ஓடி வந்தான். மடியில தீப்பெட்டி. நான் சொன்னேன், அடுப்புன்னு. பஸ் நம்பர் எழுதி வெச்சியான்னு கேட்டாங்க. நான் எழுதலை."

கொஞ்ச தூரம் தள்ளி அவர் குனிந்து எதையோ எடுத்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு ஆமை ஓடு. மேலே நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு இருந்திருக்கவேண்டும். பாதி கரிந்து வெடித்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மான் ஓடிப்போச்சு. மயில் பறந்து போச்சு. இது எங்க போகும்?" என்றார். அதை மறுபடியும் கிடந்த இடத்திலேயே வைத்தார்.

சீதாலக்ஷ்மி அழவில்லை. அழுதால் நின்றுவிடுவோம் என்று பயந்தவள்போல நடந்தாள். ரேஞ்ச் ஆபீஸுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

ஆபீஸில் இருந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் பேனாவை மூடினார். "நீங்க பெரிய குடும்பத்துப் பெண்மணி. கேஸ் எழுதியாச்சு. வீட்டுக்குப் போங்க" என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். அவள் போகவில்லை. ஒரு தாள் கேட்டாள். தரவில்லை. பையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில், அன்று பாலாற்றங்கரையில் அடுப்பு மூட்டியது நான், காவலர் தடுத்தும் மூட்டினேன், அணைக்காமல் போனேன் என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தாள். "இதை நீங்க வாங்கலேன்னா திங்கக்கிழமை கொள்ளேகால் கோர்ட்டுல நானே குடுப்பேன்."

அவர் வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து மார்டள்ளிக்குப் போனாள். காளியப்பன் வீட்டைக் கேட்டதும் ஊரே வழிகாட்டியது. அவன் மனைவி பாப்பாத்தி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று, கறுத்து, குரலில் இரும்பு வைத்தவள். வந்தவள் யார், என்ன செய்தாள் என்று கேட்டு முடித்தபிறகும் முறம் நிற்கவில்லை.

"எங்கூட்டுக்காரரு பீடிகூடக் குடிக்கமாட்டாருங்க. மாதேஸ்வரனுக்குக் கற்பூரம் பத்தவெக்கத்தான் மடியில தீப்பொட்டி. மூணு மாடு தீயில போயிருச்சு. மிச்சத்த ஆபீஸுக்காரங்க பட்டியில அடச்சுப்போட்டாங்க."

"நான் எழுதிக் குடுத்துட்டேன். விட்டுடுவா."

"விடட்டுங்க. நீங்க ரசம் வெச்சுக் குடிக்க எங்க காடுதானுங்களா கெடச்சுது அம்மிணி? உங்கூட்டுல அடுப்பு இல்லீங்களா?"

பாப்பாத்தி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சீதாலக்ஷ்மி அதைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கோர்ட்டில் காளியப்பனை விடுவித்தார்கள். சீதாலக்ஷ்மிக்கு அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தது. காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்தரைவரை சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றால் டவாலிச் சேவகன் உட்காரச் சொல்லுவான். வெளியே புளியமரத்தடியில் வண்டிகள் வந்து போயின. உள்ளங்கால் அரித்தது. முழங்கால் தானாக ஆடியது. வேறு யார் யாருடைய வழக்கோ நடந்தது. ஒன்றும் காதில் ஏறவில்லை. வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் இருந்ததில்லை.

வெளியே வந்தபோது காளியப்பன் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். தாடி வளர்ந்திருந்தது. அவள் கைகூப்பினாள்.

"உங்களுக்கு ஒரு பகலுங்க. எனக்குப் பதினெட்டு நாளுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜகதீசனுக்கு ஆபீஸில் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அவர் பதில் எழுதிக் கொடுத்தார்; என்ன எழுதினார் என்று அவளிடம் சொல்லவே இல்லை. இரண்டு மாதம் வீட்டில் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. குவார்ட்டர்ஸில் சிலர் அவளைக் கண்டால் குழாயடியில் பேச்சை நிறுத்தினார்கள். கோர்ட் ஏறினவள் என்று அன்னபூர்ணி மாமி நவராத்திரிக்குக் கூப்பிடவில்லை. இனிமேல் இவள் அடங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் அடங்கவில்லை. அடுத்த தை மாதம் மறுபடியும் லிங்கப்பனிடம் போய் வண்டி பேசினாள். இந்தத் தடவை ஏறுவதற்கு முன்னாலேயே சட்டம் சொன்னாள். அடுப்பு கிடையாது. பஸ் படியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். தீப்பெட்டி, சிகரெட் எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். திரும்பி இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். கொண்டுபோகிற காகிதம், இலை, தோல் எல்லாம் கோணிப்பையில் திரும்பி வரும். குரங்குக்கு எதுவும் போடக்கூடாது. டிரான்சிஸ்டரைக் காட்டுக்குள் பாடவிடக்கூடாது. நடந்தால் வழியை விட்டு இறங்கக்கூடாது.

"இது என்ன மாமி, உல்லாசப் பயணமா, மிலிட்டரியா?" என்றான் ஒரு பேங்க் ஆசாமி.

"இஷ்டம் இருக்கறவா வரட்டும்."

பதினோரு பேர்தான் வந்தார்கள். பேங்க் ஆசாமியும் முணுமுணுத்துக்கொண்டே சிகரெட்டை டின்னில் போட்டான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதில்தான் பெரிய சண்டை. சீதாலக்ஷ்மி முன்கூட்டியே மார்டள்ளிக்குப் போய்ப் பாப்பாத்தியைக் கேட்டிருந்தாள்: காட்டுக்கு வருகிறவர்கள் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன, அதற்கு உரியதைக் கொடுத்துவிடுகிறோம். பாப்பாத்தி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க எங்கூட்டுல திம்பீங்களா? உங்க ஆளுங்க?" என்றாள் பிறகு. "நான் திம்பேன். அவாளைப் பத்தி எனக்குத் தெரியாது" என்று உள்ளதைச் சொன்னாள் சீதாலக்ஷ்மி.

அன்று பாப்பாத்தி வீட்டு வாசலில் பாய் விரித்து, ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். பதினோரு பேரில் ஆறு பேர் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. கனகலக்ஷ்மி மடியாகக் கட்டிவந்த தயிர்சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். சீதாலக்ஷ்மி பாயில் உட்கார்ந்தாள். களி சாப்பிட்டுப் பழக்கமில்லை. முதல் உருண்டை தொண்டையில் நின்றது. காளியப்பன் குழம்பு கொண்டுவந்தான். கோர்ட்டு வாசலுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியதில்லை.

"மெல்லக்கூடாதுங்க. குழம்புல தோச்சு அப்படியே முழுங்கோணும்" என்றான்.

முழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டாள். சற்று நேரத்தில் பஸ் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பேங்க் ஆசாமி இறங்கி வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர். கனகலக்ஷ்மி கடைசிவரை வரவில்லை. அடுத்த வருஷம்தான் வந்தாள்.

நாலைந்து வருஷத்தில் மற்ற வண்டிகளும் பாப்பாத்தி வீட்டு முன்னால் நிற்க ஆரம்பித்தன. எல்லாம் அல்ல. ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டுகிறவர்கள் இன்னும் இருந்தார்கள். சித்தையன் இப்போது ஒரு நோட்டில் எல்லா வண்டி நம்பரையும் எழுதினார். சீதாலக்ஷ்மி அவருக்கு இரண்டு டஜன் பென்சில் வாங்கிக் கொடுத்தாள்.

எண்பத்து மூன்றில் வறட்சி இன்னும் கடுமையாக வந்தது. மாசி மாதம் அவள் மார்டள்ளிக்குப் போனபோது காளியப்பன் மாட்டோடு திண்டாடிக்கொண்டு நின்றான். குட்டைகள் வற்றியிருந்தன. யானைகள் ஊர்க் கிணறுவரை வந்துபோயிருந்தன.

"இந்தப் பங்குனிக்கு நாப்பது பேர் சேர்ந்திருக்கா. டின்னு, கோணி எல்லாம் தயார்" என்றாள்.

அவன் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே அம்மிணி. இந்த வருசம் வராதீங்க. நீங்க நல்லவிதமாத்தான் வருவீங்க. ஆனா வண்டிச் சத்தத்துல, ஆளு சத்தத்துல அதுங்க தண்ணிக்கு எறங்காதுங்க. இருக்கறது ஒரு குட்டை. மழ பேயட்டும். அப்பறம் வாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை செய்தபிறகும் வராதே என்கிறானே என்று ஒரு கணம் தோன்றியது. மைசூர் திரும்பும் பஸ்ஸில் அது மாறி மாறிக் குடைந்தது. இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேரே தேவராஜ மொஹல்லாவுக்குப் போய் லிங்கப்பனிடம் வண்டி வேண்டாம் என்றாள். பிறகு வீடு வீடாக ஏறி நாற்பது பேரிடமும் சொன்னாள். சிலர் வேறு வண்டியில் போகிறோம் என்றார்கள். அவர்கள் வாசலில் நின்று அரைமணி நேரம் வாதாடினாள். மூன்று குடும்பம் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள்.

பங்குனி போயிற்று. சித்திரையும் போயிற்று. அவள் தினமும் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி வந்தாள்; ஒரு சுற்று போதாமல் இரண்டு. ஜகதீசன் ரிடையராகியிருந்தார். "நானும் வரட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டு கூட நடந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக் கரையில் உட்கார்ந்தார். தென்கிழக்கே, மலைப் பக்கத்து வானத்தில் மேகம் எதுவும் இல்லை.

"அங்கே மழை பெஞ்சா நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"பாப்பாத்தி ஸ்கூல் வாத்தியாரை விட்டு ஒரு கார்டு எழுதச் சொல்லுவா" என்றாள் சீதாலக்ஷ்மி. சொல்லிவிட்டு அவர் எழுந்திருக்கும்வரை காத்திராமல் அடுத்த சுற்றுக்கு நடந்தாள்.

கார்டு வைகாசி பதினொன்றாம் தேதி வந்தது.